திரையில் ஈரம், வேரில் வறட்சி: மீஞ்சூர் கத்தரி வயலில் ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதம் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை. கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து வழக்கம்போல டேஷ்போர்டைத் திறந்தேன். நான் பார்த்துக்கொள்ளும் வயல்கள் எல்லாம் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிற்கும். பச்சை என்றால் மண்ணில் ஈரம் போதும். மஞ்சள் என்றால் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் உடனே விவசாயிக்குப் போன் போட வேண்டும். அன்றைக்குச் சிவப்பு நான்கு, மஞ்சள் பத்துப் பதினொன்று. மீஞ்சூர் பக்கம் இருக்கும் முக்கால் ஏக்கர் கத்தரி வயல் பச்சை. ஒன்பது நாளாகவே பச்சை.

பத்தரை மணிக்கு அந்த வயல்காரரின் மகன் கூப்பிட்டார். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. "மேடம், ஆப்ல எல்லாம் நல்லாத்தான் காட்டுது. ஆனா நைனா, செடி சாவுதுன்னு கத்தறாரு. ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்களேன்."

போய்ப் பார்த்தேன். செடி செத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த முக்கால் ஏக்கரில் என்ன நடந்தது என்பதையும், அந்த வயலுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்த கருவிகள் என் தொழிலை என்ன செய்தன என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வேளாண் பட்டதாரி. 11 ஆண்டாக விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். நிறுவனத்தின் பெயரும் அந்தக் குடும்பத்தின் பெயரும் வேண்டாம். நடந்த தவறில் என் பங்கு சின்னதில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வயலும் கருவியும்

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மீஞ்சூர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் பருவத்தை வைத்தே மாதம் எண்ணும் ஊர்கள் அந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. நெல்லுக்கு நடுவே கத்தரி, வெண்டை, கீரை என்று சென்னைச் சந்தையை நம்பிப் போடுகிறவர்களும் உண்டு. இந்தக் குடும்பம் இரண்டாம் வகை. விடியற்காலையில் பறித்து மூட்டை கட்டினால் கோயம்பேட்டுக்குப் போய்விடும்.

தண்ணீர்க் கதை கொஞ்சம் பழையது. 1960-களின் கடைசியில் இருந்து சென்னையின் குடிநீருக்காக மீஞ்சூர் வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு நிலத்தடி நீரை எடுத்தார்கள். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் தந்த நல்ல தண்ணீர் அது. எடுத்த வேகத்துக்கு ஊறவில்லை. காலியான இடத்துக்குள் கடல் வந்தது. கரையில் இருந்து பல கிலோமீட்டர் உள்ளே வரை கிணறுகள் உவராகிவிட்டன. நீரியல் படித்தவர்களுக்கு இது பாடப்புத்தக உதாரணம். இதில் ஒரு வேடிக்கை: 2010-இல் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். கடல்தண்ணீர் நல்ல தண்ணீராகி நகரத்துக்குப் போகிறது; நல்ல தண்ணீர் இருந்த கிணறுகளில் கடல்தண்ணீர் இருக்கிறது.

சொட்டுநீர்ப் பாசனம் அந்த வயலில் ஏற்கெனவே இருந்தது. சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் 100 விழுக்காடு மானியம் என்பதால் பலரும் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் எங்கள் நிறுவனம் தை மாதத்தில் வைத்தது மூன்று பொருள்: 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் ஈரம் அளக்கும் சென்சர், சிம் போட்ட ஒரு பெட்டி, பெட்டி சொன்னால் தானே திறந்து மூடும் வால்வு. அரை மணிக்கு ஒருமுறை அளவு கிண்டிக்கு வரும். ஈரம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் வால்வு திறக்கும். மகனின் போனில் ஆப். பெரியவரிடம் இருந்தது பட்டன் போன்.

விற்கும்போது "தண்ணியும் கரண்டும் மிச்சம்" என்றுதான் சொன்னோம். விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாக இருக்கும் மாநிலத்தில் கரண்டு மிச்சம் என்பது யாருக்கு மிச்சம் என்று எனக்கே அப்போது உறுத்தியது. சரி, அது வேறு கதை.

என் வேலையும் மாறியிருந்தது. முன்பு முப்பது முப்பத்தைந்து விவசாயிகள், மாதம் இரண்டு தடவை ஸ்கூட்டரில் போய் வயலில் நிற்பேன். கருவி வந்த பிறகு 140 வயல்கள், எல்லாம் நாற்காலியில் இருந்தபடியே. காலையில் மென்பொருளே ஒவ்வொரு வயலுக்கும் பரிந்துரை தயாரித்து அட்டை அட்டையாக அனுப்பும். நான் படித்துவிட்டு "ஒப்புதல்" பொத்தானை அமுக்கினால் விவசாயிக்குத் தமிழில் செய்தி போய்விடும். சாதாரண நாளில் அறுபது எழுபது அட்டை. பதினொரு மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது அலுவலக விதி.

ஒன்பது நாள்

பிற்பாடு பதிவேட்டை எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். அந்த ஒன்பது நாளில் வால்வு மூன்றே தடவை திறந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள். அந்த வெயிலுக்கு நானாக இருந்தால் தினமும் விடச் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாளே காய் பறிக்க வந்த பெண்கள் சொல்லிவிட்டார்கள்: "செடி துவண்டு கெடக்குது, இலைல உயிரே இல்ல." பெரியவர் கைவால்வைத் திறக்கப் போயிருக்கிறார். மகன் போனில் தடுத்துவிட்டார். கைவைத்தால் கணக்கு கெட்டுப்போகும், ஆப் பார்த்துக்கொள்ளும் என்று. அதைச் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான். கருவி பொருத்தும்போது கொடுத்த துண்டுச்சீட்டில் அந்த வரி இன்னமும் இருக்கிறது.

ஐந்தாம் நாள் இலை ஓரம் கருகத் தொடங்கியது. மகன் வீட்டுக்கு வந்தபோது இலையைப் படம் எடுத்து ஆப்பில் போட்டார். படத்தைப் பார்த்து நோய் சொல்லும் பகுதி, "சாம்பல்சத்துக் குறைபாடு" என்று பதில் தந்தது. பார்வைக்குத் தவறில்லை. சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ், குறைந்தாலும் முதிர்ந்த இலையின் ஓரம் அப்படித்தான் கருகும். உப்பு மிஞ்சினாலும் அப்படித்தான் கருகும். இரண்டையும் இலையை மட்டும் வைத்துப் பிரிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். மண்ணையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

அந்த அட்டை மறுநாள் என் திரைக்கு வந்தது. நான் அதைத் திறந்ததற்கும் ஒப்புதல் கொடுத்ததற்கும் நடுவே 11 விநாடி என்று பதிவு சொல்கிறது.

உரக்கடையில் வெள்ளைப் பொட்டாஷ் கொடுத்தார்கள். மலிவு, தண்ணீரில் கரையும், சொட்டுநீரிலேயே விடலாம். அது பொட்டாசியம் குளோரைடு. உரங்களுக்கு உப்புக் குறியீடு என்று ஒரு அளவு உண்டு. பொட்டாஷ் உரங்களில் இதற்குத்தான் அது மிக அதிகம், 116-ஐ ஒட்டி. பொட்டாசியம் சல்பேட்டுக்கு 46 அளவில்தான் இருக்கும். ஆக, உப்பில் வெந்துகொண்டிருந்த வேருக்கு இன்னும் உப்பை ஊட்டினோம். வெந்த புண்ணில் வேல் என்பதை இவ்வளவு நேரடியாக நான் செய்தது அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைதான் மகனின் போன் வந்தது. திரை அப்போதும் பச்சை.

மண்ணைக் கையில் எடுத்தபோது

கிண்டியில் ஏறி, பார்க்கில் இறங்கி, சப்வே தாண்டி, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் லோக்கல் பிடித்து, மீஞ்சூரில் ஷேர் ஆட்டோவும் மாறி, வரப்பில் நான் கால் வைத்தபோது மணி இரண்டரை. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் எந்தக் கத்தரிச் செடியும் கொஞ்சம் தலையைத் தொங்கப்போடும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். இங்கே இலை ஓரங்கள் தீயில் காட்டிய காகிதம் மாதிரி பழுப்பாகச் சுருண்டிருந்தன. இது நிமிராது. ஒவ்வொரு சொட்டுவானையும் சுற்றி ஈரம் பட்டுக் காய்ந்த வட்டம். அந்த வட்டத்தின் விளிம்பில், பொங்கி வழிந்த கஞ்சி காய்ந்தாற்போல வெள்ளைப் படலம்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி, நாக்கில் வைத்துத் துப்பினார். என்னையும் பார்க்கச் சொன்னார். நன்றாகவே கரித்தது.

"சித்திரை பொறந்தா இப்படித்தாம்மா கரிக்கும். ஆடி ஆவணில நல்ல மழை பெஞ்சாத்தான் அடங்கும். உங்க மிஷினுக்கு இது தெரியாதா?"

தெரியாது. யாரும் அதற்குச் சொல்லவில்லை. கருவி வைத்த அன்று நிரப்பிய படிவத்தில் தண்ணீரின் தரம் பற்றி ஒரே ஒரு கட்டம் இருந்தது. தை மாதம், வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, கிணறு நிறைந்திருந்த நேரம். அன்றைக்கு மின்கடத்துத்திறன், அதாவது நாங்கள் ஈ.சி. என்று சொல்வது, 1.6 என்று காட்டியது, அதை எழுதினோம். தண்ணீரில் உப்பு கூடினால் இந்த எண்ணும் கூடும். மென்பொருள் அதை அந்தக் கிணற்றின் நிரந்தரக் குணமாக எடுத்துக்கொண்டது. பையில் இருந்த மீட்டரை இப்போது தண்ணீரில் விட்டால் 4.2. பாசன நீரில் 0.7-க்குக் கீழே கவலை இல்லை, 3-ஐத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்பது உலக உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கு. கத்தரியோ உப்பைத் தாங்குகிற பயிரே இல்லை.

அப்புறம் குத்துக்கோலால் சென்சருக்குப் பக்கத்திலேயே ஒரு சாண் தோண்டி, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்தினேன். கல்லூரியில் முதல் வருடம் சொல்லிக்கொடுக்கும் முறை: உருண்டை பிடிக்கிறதா, விரலில் ஒட்டுகிறதா, உதிர்கிறதா. உருண்டை பிடிக்கவில்லை. கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. விரலில் ஈரக் கறைகூட இல்லை. நான்கு மாதத்தில் நான் மண்ணைத் தொட்டது அன்றைக்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

போனில் டேஷ்போர்டைத் திறந்து, கட்டத்துக்கு உள்ளே போய், நிறத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த எண்ணைப் பார்த்தேன். 31 விழுக்காடு.

அந்த எண்ணே சாத்தியமில்லாதது. மணல் கலந்த அந்த மண், மழை பெய்து வடிந்த மறுநாள்கூட 20-ஐ ஒட்டித்தான் ஈரம் பிடித்து வைத்திருக்கும். 31 என்று ஒரு மாணவன் எழுதிக் கொடுத்திருந்தால் சுழித்திருப்பேன். ஆனால் நான் பார்த்தது எண்ணை இல்லை, பச்சையை. எண்ணைக் காட்டினால் பயனாளர் குழம்புவார் என்று வடிவமைத்தவர்கள் அதை இரண்டு தட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அந்தப் பயனாளர் நான்தான்.

மண்ணை டப்பாக்களில் அடைத்துக் கொண்டுவந்தேன். எடை போட்டு, அடுப்பில் 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைத்து, மறுபடி எடை போடுவது பழைய முறை. அதை மிஞ்சிய முறை இன்னும் இல்லை. கன அளவுக்கு மாற்றிப் பார்த்தால் 13 வந்தது.

சென்சர் ஏன் 13-ஐ 31 என்றது? இந்த வகைச் சென்சர் ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. மண்ணில் ஒரு மின்புலத்தை உண்டாக்கி, மண் எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்கி வைக்கிறது என்று பார்க்கிறது. இந்த விஷயத்தில் தண்ணீருக்கு மதிப்பு சுமார் 80, காய்ந்த மண்துகளுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. அதனால் மதிப்பு ஏறினால் தண்ணீர் ஏறியது என்று கணக்கு. நல்ல தண்ணீர் பாயும் மண்ணில் இது அருமையாக வேலை செய்யும். மண்ணில் உப்பு மிஞ்சினால் மின்சாரம் கசியும். விலை குறைந்த, தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் சென்சர் அந்தக் கசிவையும் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளும். உப்பு ஏற ஏற ஈரம் ஏறுவதாகச் சொல்லும். தண்ணீர் விடாத நாள் கூடக் கூட மண்ணில் உப்பு செறியும். ஒன்றை ஒன்று தூக்கிவிடும் வட்டம் இது. அதோடு, மண்ணில் மிச்சம் இருந்த கொஞ்சம் ஈரத்தையும் செடியால் உறிஞ்ச முடியாது. வெளியே உப்புக் கரைசல் கெட்டியாக இருந்தால் வேருக்குள் தண்ணீர் போகாது. கடலில் தத்தளிப்பவனுக்குத் தாகம் எடுப்பது மாதிரி.

பொட்டாஷ் விட்ட மறுநாள் அளவு இரண்டு புள்ளி ஏறியிருந்ததையும் பதிவில் பார்த்தேன். உரம் போட்டதைக் கருவி மழை என்று நினைத்திருக்கிறது.

ரேடியோ நெல்லில் இருந்து

ஆலோசகர் வேலைக்குக் கருவி உலை வைக்கிறது என்ற பேச்சு புதிதல்ல. 1960-களில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே ஆடுதுறை 27 நெல் தஞ்சைப் பக்கம் பரவியது. விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்தார்கள். 1998-இல் தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்கள் திறந்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004-இல் கிசான் கால் சென்டர் வந்தது, 2018-இல் உழவன் செயலி வந்தது. ஒவ்வொரு தடவையும், இனி அக்ரி ஆபீசர் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

ஆனால் அவற்றுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வானொலி ஒரு யோசனையை ஊருக்குக் கொண்டுபோனது. அதைச் செய்வதா வேண்டாமா என்று வரப்பில் நின்றவர் முடிவு செய்தார். கால் சென்டரிலும் விவசாயி கேட்டால்தான் பதில். இங்கே சென்சர் தானே பார்க்கிறது, மென்பொருள் தானே முடிவு செய்கிறது, வால்வு தானே திறக்கிறது. ஊரில் உள்ளவரும் கிண்டியில் உள்ளவளும் பிறகு தெரிந்துகொள்கிறோம்.

கருவியைக் குறை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. 2012-13-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில், விவசாயக் குடும்பங்களில் பத்தில் ஆறுக்கு எந்த இடத்தில் இருந்தும் தொழில்நுட்ப ஆலோசனை கிடைக்கவில்லை என்று தெரிந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியவர் பெரும்பாலும் மருந்துக் கடைக்காரர். அவர் மோசமானவர் என்றில்லை. அவரிடம் கேள்விக்குப் பதில் எப்போதும் ஒரு பாட்டிலாக வரும், அவ்வளவுதான். எங்கள் ஆப்பிலும் பரிந்துரைக்குக் கீழேயே "வாங்க" என்று ஒரு பொத்தான் இருக்கிறது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் உண்டு. வானிலைத் துறை ஒவ்வொரு செவ்வாய், வெள்ளியும் விவசாயிகளுக்கு வானிலை அறிவுரை தருகிறது. அதை மாவட்ட அளவில் தயாரித்து, உள்ளூர் மொழியில் உள்ளூர்ப் பயிருக்குப் பொருத்திக் கொடுக்க 199 மாவட்ட அலகுகள் இருந்தன. 2024 தொடக்கத்தில் அவை மூடப்பட்டன. தரவு சேகரிப்பு தானியங்கி ஆகிவிட்டது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அங்கே இருந்தவர்களின் வேலை தரவு சேகரிப்பது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மீஞ்சூர் வயலுக்குப் பிறகு அந்தச் செய்தியை நான் வேறு மாதிரி படித்தேன். என் வேலையும் பொத்தான் அமுக்குவது என்று யாரோ நினைத்திருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி.

பழி யார் தலையில்

அலுவலகத்தில் கூட்டம் போட்டோம். சென்சர் விற்றவர், உப்பு மண்ணுக்குத் தனியாக அளவு திருத்தம் செய்ய வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது என்றார். இருந்தது, சின்ன எழுத்தில். மென்பொருள்காரர்கள், பரிந்துரையை மனிதர் ஒருவர் சரிபார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார் என்றார்கள். அந்த மனிதரின் 11 விநாடி திரையில் வந்தது. ஒப்பந்தத்தைத் திறந்தால், "இது ஆலோசனை மட்டுமே, இறுதி முடிவு விவசாயியுடையது" என்று ஒரு வரி. வால்வைத் தொடாதே என்று விவசாயியிடம் சொன்ன அதே நிறுவனத்தின் வரி.

ஆக, சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு விளக்கம் இருந்தது. விளக்கம் இல்லாமல் நின்றவர்கள் இரண்டு பேர்: பெரியவரும் நானும். பெரியவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். "நாப்பது வருசமா கரிக்கிற தண்ணி. எனக்குப் புத்தி எங்க போச்சு?" எனக்கு அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது. அவருக்குப் புத்தி எங்கும் போகவில்லை. அதைச் சொல்வதற்கு ஆப்பில் இடம் இல்லை, கையில் ஸ்மார்ட்போன் இல்லை, போனில் மகன் தடுத்தார், மகனை நாங்கள் தடுத்திருந்தோம். மூன்றாம் நாளே சரியாகச் சொன்ன பறிப்புக்காரப் பெண்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

140 வயலைப் பார்ப்பவள் எப்படி ஒவ்வொன்றையும் ஆழமாகப் பார்ப்பாள் என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டு, சம்பள உயர்வையும் வாங்கிக்கொண்டு, ஒப்புதல் பொத்தானின் பொறுப்பை மட்டும் மென்பொருளுக்குத் தள்ள முடியாது.

திரும்ப டேஷ்போர்டுக்கு

இதன் பிறகு நடந்ததில் எனக்கே வியப்பான விஷயம் ஒன்று. மீஞ்சூரில் இருந்து வந்த மறுநாள், 140 வயலின் எண்களையும் நிறத்தை எடுத்துவிட்டு ஒரே பட்டியலாகக் கேட்டு வாங்கினேன். மணல் பாங்கான மண் என்று பதிவாகியும் 25-க்கு மேல் ஈரம் காட்டும் வயல்கள் எத்தனை என்று பார்த்தேன். ஒன்பது. வரைபடத்தில் போட்டால் ஒன்பதும் கடலோரமாக ஒரே பட்டையில் விழுந்தன. ஸ்கூட்டரில் சுற்றிய காலத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கும். அன்றைக்கு அரை மணி நேரம் ஆனது. என்ன கேட்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது கிணற்றடியில், பெரியவரின் உள்ளங்கைத் தண்ணீரில்.

ஒன்பது பேரையும் அன்றே கூப்பிட்டு வால்வைக் கைமுறைக்கு மாற்றச் சொன்னேன். இரண்டு வயலில் இலை கருகல் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது.

கத்தரி வயலில் பொட்டாஷை நிறுத்தினோம். உப்பை வேரில் இருந்து கீழே தள்ளத் தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீரே உப்பு. நல்லவேளையாகப் பக்கத்து நிலத்துப் பண்ணைக்குட்டையில் மழைத் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கலந்து, தினமும் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாக, மண் காயவே விடாமல் விட்டோம். செடியடியில் வைக்கோல் பரப்பினோம். இரண்டு பறிப்பு முழுசாகப் போய்விட்டது. ஓரத்து வரிசைகளில் செடியே போனது. நடுவில் இருந்தவை மூன்றாம் வாரம் புதுத் துளிர் விட்டன. நட்டத்தில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்றுக்கொண்டது, முழுவதையும் இல்லை.

என் வேலைமுறையில் மாற்றியது சிலதுதான். நிறத்தைப் பின்னால் தள்ளி எண்ணையே முதலில் காட்டச் சொன்னேன், கொஞ்சம் சண்டைக்குப் பிறகு கிடைத்தது. வாரத்தில் இரண்டு நாள் வயல். கடலோரக் கிணறுகளுக்கு மாதம் ஒருமுறை ஈ.சி. அளவு. படத்தை மட்டும் வைத்து வரும் உரப் பரிந்துரைக்கு, விவசாயியோடு பேசாமல் ஒப்புதல் கிடையாது. இதனால் பதினொரு மணி விதி உடைந்துவிட்டது. அதற்காக இப்போதும் மாதாமாதம் விளக்கம் எழுதுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் டேஷ்போர்டில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களில் இரண்டு பேர் மண்ணை உருண்டை பிடித்துப் பார்த்ததே இல்லை என்றார்கள். அவர்களையும் லோக்கலில் ஏற்றிக் கூட்டிப்போகிறேன்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் மேகம் கூடியது. லேசான தூறல்தான் வரும் என்று கணிப்பு. பெரியவருக்கு நேராகப் போன் போட்டேன். "ஐயா, தூறும்போது சொட்டுநீரை ஓட விடுங்க."

"மழை பெய்யறப்ப எவனாச்சும் தண்ணி விடுவானாம்மா?" என்று சிரித்தார்.

சொன்னேன்: சொட்டுவானைச் சுற்றி விளிம்பில் வெள்ளையாக உப்பு நிற்கிறதே, கொஞ்சம் மழை பெய்தால் அது கரைந்து உள்ளே வேருக்குத்தான் வரும். உள்ளே இருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தால் வராது. கனமழை பிடித்தால் நிறுத்திவிடலாம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது சரிதான்" என்றார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

சென்சர் அன்றைக்கு மஞ்சளில் இருந்து பச்சைக்கு மாறியது. மென்பொருள் உடனே ஓர் எச்சரிக்கை அனுப்பியது: மழையின்போது பாசனம், தண்ணீர் வீண். நான் அதை நிராகரித்தேன். நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும்; பட்டியலில் இருந்த ஐந்து காரணங்களில் எதுவும் பொருந்தவில்லை. கீழே "பிற" என்று இருந்த கட்டத்தில் தட்டினேன்: "கிணற்றுத் தண்ணீர் இன்னும் கரிக்கிறது. ஐயா இன்று காலை நாக்கில் வைத்துப் பார்த்தார்."